தண்ணீர் இறங்கும் பக்கம்

எனக்குச் சொந்த ஊர் வடமதுரை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையும் ரயில் பாதையும் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. ஒரு பக்கம் வேடசந்தூர், இன்னொரு பக்கம் அய்யலூர். சுற்றிலும் கிணற்றுப் பாசனமும் நூற்பாலைகளும். மழை குறைந்த சீமை. குடிநீரை யோசித்து யோசித்தே செலவழித்துப் பழகிய ஜனங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு 1980-களின் கடைசியில் பேரூராட்சித் துறையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அந்தப் பதவிப் பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெறும்வரை எல்லாருக்கும் நான் ‘ஓவர்சியர்’தான்.

அந்தக் காலத்தில் ஒரு பொறியாளருக்கு மூன்று நான்கு பேரூராட்சிகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். காலையில் ஓர் ஊர், மதியத்துக்கு மேல் இன்னோர் ஊர். நான் வேலை பார்த்த ஊர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்தச் சமவெளியில் எல்லா ஊருக்கும் ஒரே சாயல்: ஒரு பெரிய தெரு, ஒரு சந்தை, ஒரு கோயில், பின்னால் ஓர் ஓடை. அங்கே நடந்தது எங்கும் நடக்கக்கூடியதுதான்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் நிற்பது பேரூராட்சி. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1981-ல் தனி இயக்ககம் வந்தது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் சேர்ந்தது. 2004-ல் பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்பு கிராம ஊராட்சிகள் என்று மாற்றினார்கள். 2006-ல் மறுபடியும் பேரூராட்சி என்றார்கள். சட்டம் எந்தப் பெயரில் அழைத்தாலும் ஜனங்கள் எதிர்பார்த்த வேலை ஒன்றுதான்: தண்ணீர், தெருவிளக்கு, சாலை, சாக்கடை, குப்பை, சந்தை, சுடுகாடு. மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச் சேருவதுவரை அவனைத் தொடுகிற நிர்வாகம் இதுதான். கோட்டையில் என்ன நடக்கிறது என்று பேப்பரில் படிக்கிறோம். பேரூராட்சியில் என்ன நடக்கிறது என்பது வாசல்படியில் தெரிகிறது.

ஒரு தெருவுக்குச் சிமெண்ட் சாலை வேண்டும் என்று ஜனங்கள் மனுக் கொடுத்தால் அது எந்த வழியில் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. வார்டு உறுப்பினர் கேட்பார். நான் போய் நீளம் அகலம் எடுத்து எஸ்டிமேட் போடுவேன். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் ஒன்று உண்டு; ஜல்லி எத்தனை கிலோமீட்டரிலிருந்து வருகிறது, மணல் எங்கிருந்து வருகிறது என்று தூரத்துக்கும் கணக்குப் போட வேண்டும். அது மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டாவில் ஒரு பொருளாகப் போகும். தீர்மானம் நிறைவேறும். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை. வேலை நடக்க நடக்க நான் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு எழுத வேண்டும். அந்த அளவை வைத்துத்தான் பில். ஒரு பக்கம் தீர்மானப் புத்தகம், இன்னொரு பக்கம் அளவுப் புத்தகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓர் ஊர் கட்டப்படுகிறது.

நான் சேர்ந்து சில வருடங்களில் மன்றங்களின் காலம் முடிந்துபோனது. 1986-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்து ஆண்டு 1991-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில்தான் நடந்தது. நடுவில் மன்றத்துக்குப் பதில் தனி அலுவலர் ஆட்சி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சௌகரியமாகத் தெரியும். கூட்டம் இல்லை, சத்தம் இல்லை, ஃபைல் வேகமாக நகரும். எஸ்டிமேட்டுக்கு ஒரே கையெழுத்து. ஆனால் தெருவிலிருந்து ஒரு குரல்கூட அந்த அறைக்குள் வருவதற்கு வழி இல்லை. மனு வரும், அதற்கு ஓர் எண் விழும், அவ்வளவுதான். எதிரில் உட்கார்ந்து, “அதெப்படி?” என்று கேட்க ஆள் கிடையாது. பொறியாளருக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பது 1996-க்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேரூராட்சியில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அக்கா ஜெயித்து வந்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். முதல் இரண்டு கூட்டங்களில் ஒன்றும் பேசவில்லை. அஜெண்டாவை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய், மகனை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். மூன்றாவது கூட்டத்தில் அவர் வார்டுக்கு ஒரு சாக்கடை எஸ்டிமேட் வந்தது. பழைய எஸ்டிமேட், எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. தெருத் தண்ணீரை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல வரைபடம். எல்லாரும் சரி என்றார்கள். அக்கா எழுந்தார்.

“தம்பி, இத யாரு வந்து பாத்துப் போட்டது?”

“முன்னாடி இருந்த இன்ஜினியர்க்கா.”

“மழையில வந்து பாத்தாரா, வெயில்ல வந்து பாத்தாரா? ஐப்பசி மழைக்கு எங்க தெருத் தண்ணி மெயின் ரோட்டுக்கு ஏறாது தம்பி. அங்கிட்டு இருந்துதான் எங்க வீட்டுக்கு வரும். எறங்குறதெல்லாம் மாரியாத்தா கோயில் பக்கம்தான்.”

மறுநாள் காலை போனேன். அந்தத் தெருவிலேயே ஒரு கொத்தனார் இருந்தார், வயதானவர். லெவல் பார்க்கும் கருவி மண்டல அலுவலகத்திலிருந்து வர நாளாகும் என்றதும், “எதுக்குங்க சார் அது, டியூப் போட்டுப் பாத்துருவோம்” என்றார். வெள்ளை பிளாஸ்டிக் டியூப், விரல் பருமன். குடத்திலிருந்து தண்ணீரை மெல்ல மெல்ல ஏற்றினார். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு டியூப் முழுக்கக் கண்ணை ஓட்டினார். நடுவில் ஒரு குமிழ் இருந்தது. விரலால் சுண்டிச் சுண்டி அதை முனைக்குத் தள்ளி வெளியேற்றினார். “உள்ள காத்து நின்னா மட்டம் பொய் சொல்லும் சார்.” ஒரு முனையை அக்கா வீட்டு வாசல் சுவரில் வைத்தார், மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு டியூப் எட்டும் தூரம்வரை நடந்தேன். தண்ணீர் ஆடி ஆடி நின்றதும் இரண்டு பக்கமும் கரித்துண்டால் கோடு. கோட்டிலிருந்து தரைவரைக்கும் டேப் பிடித்து அளவு. அப்படியே கட்டம் கட்டமாக மெயின் ரோடுவரைக்கும் போனோம். தெரு முனையைவிட ரோடு ஓரம் நாலு விரல் உயரமாக இருந்தது. கோயில் பக்கமோ, எண்பது மீட்டருக்குள் ஒரு முழத்துக்கு மேல் சரிவு.

திறந்த சாக்கடைக்கு இருநூறுக்கு ஒன்று சரிவு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எண்பது மீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தண்ணீர் நொடிக்கு அறுபது சென்டிமீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணையும் குப்பையையும் தானே இழுத்துக்கொண்டு போகும். மெயின் ரோட்டுப் பக்கம் அந்தச் சரிவு வேண்டுமென்றால் நெஞ்சளவு தோண்டியிருக்க வேண்டும். கோயில் பக்கம் பூமியே அந்தச் சரிவைக் கொடுத்து வைத்திருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓடை. வருவாய்த் துறையின் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு தெளிவாக இருந்தது. சர்வேயர் வந்து கல் போட்டார். ஓடைக் கரையில் ஒருவருடைய மாட்டுக் கொட்டகை வேலி கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. அக்காவே போய்ப் பேசி, வேலியைத் தள்ளிப் போட வைத்தார். திருத்திய மதிப்பீடு அடுத்த கூட்டத்தில் தீர்மானமானது. அந்தச் சாக்கடை இன்றைக்கும் ஓடுகிறது. அக்கா இப்போது இல்லை.

தெரு முனையைவிட ரோடு எப்படி உயர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய அடுக்கைப் போட்டுக்கொண்டே வந்தால் ரோடு வளரும், வீடுகள் தாழும். வாசல்படி மூன்றாக இருந்தது இரண்டாகி, பிறகு ஒன்றாகி, கடைசியில் மழைத் தண்ணீர் நேராக நடைக்கு வந்துவிடும். தமிழ்நாடு முழுக்க இதுதான் நிலைமை. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று துறைகளுக்குக் கடிதம் எழுதினார். அதைப் பேப்பரில் படித்தபோது அக்காவின் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஓர் இட்லிக் கடைக்காரர் மன்றத்தில் எழுந்து சொன்ன விஷயம் அரசுக் கடிதத்தின் மொழிக்கு வந்து சேர்ந்திருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், தெருவை நடந்து பார்த்து வேலை போடும் இந்த வழிக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னோடி உண்டு என்று. பேட்ரிக் கெடெஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் படித்து நகரத் திட்டமிடலுக்கு வந்தவர், 1914-ல் சென்னைக்கு வந்தார். 1915 வாக்கில் மதுரை, தஞ்சாவூர் முதலான ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலான பகுதியை இடித்துத் தள்ளி நேர்கோட்டில் பெரிய தெரு போடுவதுதான் அன்றைய பொறியாளர்களின் வழக்கம். அவர் அதை எதிர்த்தார். பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்தால் காற்றும் வெளிச்சமும் வரும், கிணற்றடியையும் மரத்தடியையும் காப்பாற்றலாம், செலவும் குறையும், யாரையும் துரத்த வேண்டாம் என்று சந்து சந்தாக வரைந்து காட்டினார். முதலில் ஊரை நடந்து பார், பிறகு படம் போடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சென்னை மாகாணத்துக்கு 1920-ல் நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். சட்டங்கள் வளர்ந்தன. நடந்து பார்க்கும் பழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஊரை அறிந்தவர்கள் என்றால் எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருவார்: தண்ணீர் திறந்துவிடுகிறவர். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பேரூராட்சிகளில் ஊர்ப் போர் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் கலந்து ஓடுகின்றன. பிரதானக் குழாய் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீடுவரை பேரூராட்சியின் பொறுப்பு. எந்த கேட் வால்வை எத்தனை சுற்றுத் திறந்தால் எந்தத் தெருக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அலுவலகத்தில் வரைபடம் இல்லை. முப்பது வருடமாக மண்ணுக்குள் போன குழாய்கள் அனைத்தும் அவர் தலைக்குள் இருந்தன.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதங்களில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். “இங்க நாலு இஞ்ச் ஆஸ்பெஸ்டாஸ் பைப்பு, அந்தப் புளியமரத்துல திரும்புது. இங்க ஒரு வால்வு ரோட்டுக்கு அடியில போயிருச்சு, தார் போட்டப்ப மூடிட்டாங்க” என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். தெருப் படத்தின்மேல் நீலப் பென்சிலில் குழாய், சிவப்பில் வால்வு. கடைசியில் மன்றக் கூட்டத்தில் அந்தப் படத்தை மேஜைமேல் விரித்தபோது உறுப்பினர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அவரவர் வார்டைத் தேடினார்கள். தண்ணீர் போகாத தெருவுக்குக் காரணம் ஆள் பாரபட்சம் இல்லை, குழாயின் விட்டமும் தொட்டியின் உயரமும்தான் என்று அன்றைக்குப் படத்திலேயே பார்த்தார்கள். அடுத்த வருடத்துக் குடிநீர் வேலைகளை வார்டுக்குச் சமமாகப் பிரிக்காமல், தண்ணீர் ஏறாத கடைசித் தெருக்களுக்கு முதலில் ஒதுக்கலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். தகவல் கையில் இருந்தால் சாதாரண ஜனங்கள் நியாயமாக முடிவெடுப்பார்கள் என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பிறகு மனைக் காலம் வந்தது. நான்கு வழிச்சாலை வந்ததும் வடமதுரையைச் சுற்றி இரண்டு பக்கமும் புஞ்சைக் காடுகளில் கல் நட்டார்கள், வண்ணக் கொடி கட்டினார்கள். சேமித்த பணத்தைப் போட்டு ஜனங்கள் மனை வாங்கினார்கள். நூற்பாலையில் வேலை பார்க்கிறவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் என்பது வாழ்க்கைக் கனவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறையாக அனுமதி பெற்ற மனைப் பிரிவு என்றால் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி இல்லாத பிரிவில் அது எதுவும் இருக்காது. பத்திரத்தில் இருபது அடிப் பாதை என்று இருக்கும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வரிகூட இருக்காது. ஓடை இருந்த இடம் மேடாகும், பிறகு சுவராகும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான பிரிவுகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி கிடைத்தது. பத்திரம் ஒழுங்கானது. தண்ணீரின் பாதையை யாராவது போய்த் தேடிக் கண்டுபிடித்தால்தான் உண்டு. அதற்கு வார்டில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாத நேரமாக அது அமைந்தது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய மன்றங்களின் காலம் அதே மாதம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. ஐந்து வருடத்துக்கு மேல் மறுபடியும் தனி அலுவலர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தடைப்பட்டது. நல்ல அதிகாரிகள் எத்தனையோ பேர் அந்த நாட்களில் இரவு பகலாக உழைத்தார்கள். கொரோனா காலத்தில் தெருவைக் காத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனாலும் அந்த வருடங்களில் போடப்பட்ட ஒவ்வொரு எஸ்டிமேட்டுக்கும் “மழையில வந்து பாத்தாரா?” என்று கேட்க ஆள் இல்லாமல் போனது.

இன்னொரு சிக்கல் எல்லையில் இருக்கிறது. பேரூராட்சியைச் சுற்றி ஊராட்சி ஒன்றியத்தின் கிராமங்கள். கிராமத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஓடையைத் தூர்வாரினார்கள். பேரூராட்சிக்குள் அந்தத் திட்டம் இருந்ததில்லை. ஊர்ச் சாக்கடை போய் முடிவதோ கிராமத்து ஓடையில். அங்கே கிராம சபை கூடும், இங்கே அப்படி ஒரு சபை இருந்ததில்லை. பக்கத்துக் கிராமத்தைப் பேரூராட்சியோடு சேர்க்கலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் ஜனங்கள் மறுப்பதற்கு இதுதான் காரணம்: வேலையும் போகும், சபையும் போகும், வரி கூடும். அவர்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. நகரம் என்று பெயர் வைத்ததும் ஜனங்கள் பேசுகிற இடம் சுருங்கிவிடக் கூடாது.

2022-ல் நகர்ப்புறத்துக்கும் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் பொதுவான 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஓய்வு பெற்ற மனிதனாக, குடும்ப அட்டையோடு வருகிற இன்னொரு குடிமகனாக, நானும் இப்போது அப்படிப்பட்ட கூட்டங்களில் உட்காருகிறேன். பேச்சு பெரும்பாலும் தெருவிளக்கு, குப்பை வண்டி என்று தொடங்கும். தொடங்கட்டும். பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் சொல்வதெல்லாம் சில கேள்விகள்தான்.

உங்கள் தெருவுக்கு வேலை வந்தால் எஸ்டிமேட்டைக் கேளுங்கள். புதிய சாலையின் மட்டம் உங்கள் வாசல்படிக்கு மேலா கீழா என்று கேளுங்கள். சாக்கடைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும், அந்த ஓடை எந்த சர்வே எண்ணில் இருக்கிறது, அதைக் கடைசியாக யார் அளந்தது என்று கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்களா என்று நின்று பாருங்கள்; அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் விலை போடப்பட்டிருக்கிறது. பேவர் பிளாக் போட்டால் ஓரத்தில் மழைநீர் இறங்க வழி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: எந்த மழைக்கு எந்தப் பக்கம் நின்றது, எந்தக் கிணறு எப்போது வற்றியது. அது எந்தக் கருவியிலும் வராத தகவல்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் தெருவிலேயே நடந்து போகிறவராக, அடுத்த முறை ஓட்டுக்கு உங்கள் வாசலுக்கு வர வேண்டியவராக இருக்க வேண்டும். மன்றம் என்பது அதற்குத்தான். 2022-ல் வந்த மன்றங்களின் ஐந்து ஆண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. என் வேலைக் காலத்தில் இரண்டு முறை அது தள்ளிப்போனதைப் பார்த்தேன். இரண்டு முறையும் ஊர்களில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. குடிநீர் ஒரு வாரம் வராவிட்டால் குடத்தோடு ரோட்டுக்கு வருகிற ஜனங்கள் நாம். உள்ளாட்சித் தேர்தல் ஒரு மாதம் தள்ளினாலும் அதே உறுதியோடு கேட்க வேண்டும்.